பருவுக்கு மாத்திரை சாப்பிடும்போது வயிற்றைக் கவனிப்பது எப்படி

கடுமையான பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைச் சாப்பிட்டால் குடல் கெட்டுப்போகுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் ஆவதில்லை. இந்த மாத்திரைதான் குடல் அழற்சி நோயை உண்டாக்குகிறது என்பது நிரூபணம் ஆகவும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இந்த மருந்துக்கான விவரத்தாளில், வயிற்று வலியோ ஆசனவாயில் ரத்தமோ கடுமையான பேதியோ வந்தால் உடனே நிறுத்து என்று எச்சரிக்கை இருக்கிறது, அதுவும் காரணம் இல்லாமல் போட்டது இல்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் போதும், பயந்து தூக்கி எறியவும் வேண்டாம், மிட்டாய் மாதிரி விழுங்கவும் வேண்டாம்.

நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடையில் நிற்கிறவன், டாக்டர் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில், "அண்ணாச்சி, பருவுக்கு உள்ள அந்த கேப்சூல் ஒரு அட்டை குடுங்க" என்று சீட்டே இல்லாமல் கேட்கிற காலேஜ் பையன் ஒரு பக்கம். டாக்டர் எழுதிக்கொடுத்து, பில்லும் போட்டு, வீட்டுக்குப் போய் போனில் எதையோ பார்த்துவிட்டு "இது குடல அரிச்சிருமாமே, திருப்பி எடுத்துக்கிடுங்க" என்று மறுநாளே வந்து நிற்கிற அம்மா இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

குடல் அழற்சி நோய் என்பது ஓட்டலில் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றால் போவது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிற, வருஷக்கணக்கில் வந்து வந்து போகிற நோய். இதில் முக்கியமானவை இரண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடிக்கும், மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும், ரத்தமும் சளியும் கலந்து போகும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், அங்கங்கே விட்டு விட்டு வரும். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் போகும், சிறுகுடல் கடைசியில்தான் அதிகம் பார்ப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டுகிற நோய்கள். பருவும் அதே வயதில்தான் வருகிறது, மாத்திரையும் அதே வயதில்தான் சாப்பிடுகிறார்கள். யாருக்காவது மாத்திரை சாப்பிட்ட வருஷத்திலேயே குடல் நோயும் வந்தால் மாத்திரையால் வந்ததா, வரவேண்டிய நேரத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது அவ்வளவு லேசு இல்லை. குழப்பம் அத்தனையும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1982-ல் அனுமதி கிடைத்தது, ரோஷ் கம்பெனி அக்குட்டேன் என்ற பெயரில் விற்றது. குடல் நோய் வந்தவர்கள் பலர் வழக்குப் போட்டார்கள், நியூஜெர்சி மாநிலத்தில் மட்டும் 2,000-க்கும் மேல். போட்டி மருந்துகள் வந்து விற்பனை குறைந்ததோடு வழக்குச் செலவும் சேர, 2009-ல் அந்தப் பெயரில் அமெரிக்காவில் விற்பதைக் கம்பெனி நிறுத்திக்கொண்டது. மருந்துக்குத் தடை வரவில்லை, வேறு கம்பெனிகளின் பெயரில் இன்றைக்கும் அங்கே கிடைக்கிறது. "அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்க" என்று வாட்ஸாப்பில் சுற்றுவது தப்பு. ஆராய்ச்சிகளைப் பார்த்தால், 2010-ல் வந்த ஒரு ஆய்வு இந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நான்கு மடங்குக்கு மேல் அதிகம் என்றது, கிரோனுக்கு அப்படித் தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை. அதற்கு முந்தின வருஷம் கனடாவின் மானிடோபாவில் செய்த ஆய்வில் தொடர்பே இல்லை. 2013-ல் வந்த பெரிய ஆய்வுகளும், அதன்பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவையும் தொடர்பு தெரியவில்லை என்றே சொல்கின்றன. என் கணிப்பில் தராசு அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை எந்த ஆய்வும் அவர் வீட்டுக்கு வந்து சொல்லாது, அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. எல்லோரும் ஐசோட்ரெட்டினாயினையே திட்டுகிறார்கள், ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் விழுங்கிய டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை யாரும் நினைப்பதில்லை. 2010-ல் இங்கிலாந்துத் தரவுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டவர்களிடம் கிரோன் நோய் கூடுதலாகத் தெரிந்தது. அதுவும் காரணம் என்று நிரூபணமான சங்கதி இல்லை. ஆனால் ஆன்டிபயாடிக் எதுவாக இருந்தாலும் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கலைத்துவிடும், சிலருக்கு அதனாலேயே பேதி பிடிக்கும், அரிதாகக் கடுமையாகவும் போகும். கிளிண்டாமைசின் ஜெல்லும் ஆன்டிபயாடிக்தான், ஆனால் முகத்தில் தடவுகிற மருந்துதானே என்று நினைப்போம். அதன் விவரத்தாளில்கூட, குடல் அழற்சி நோயோ ஆன்டிபயாடிக்கால் வந்த குடல் அழற்சியோ முன்பு இருந்தவர்கள் பயன்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. தோல் வழியாக உள்ளே போவது கொஞ்சம்தான், ஆனாலும் போகிறது. பழைய சீட்டில் இருந்த ஜெல்லை அக்காவிடமிருந்து தங்கைக்கு மாற்றிக்கொடுக்கிற வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால்

தோல் டாக்டர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார், வயிற்றைப் பற்றி நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும் என்றால் இந்த விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: வீட்டில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது குடல் அழற்சி நோய் உண்டா, உங்களுக்கு அடிக்கடி வயிற்றுக்கடுப்பு, சளி கலந்த பேதி, காரணம் தெரியாமல் எடை குறைவது, வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது என்று ஏதாவது இருக்கிறதா, இப்போது வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நம் ஊரில் இதெல்லாவற்றுக்கும் "உடம்பு சூடு" என்று ஒரே பெயர் வைத்து, பதநீரும் நுங்கும் வெந்தயமும் கொடுத்து முடித்துவிடுவார்கள். பதநீர் குடிப்பதில் தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் மூன்று மாதமாகச் சளியோடு போகிற வயிற்றுக்குச் சூடு என்று பெயர் வைத்தால் டாக்டரிடம் சொல்லவேண்டியது சொல்லாமலே போய்விடும்.

ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள், கல்லீரலும் கொழுப்பும் பார்க்க, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த மாத்திரை ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை ஏற்றும், மிகவும் ஏறினால் கணையம் வீங்கும். அப்போது வருகிற வயிற்றுவலியும் குடல் வலி என்றே தோன்றும்.

பெண்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று: கர்ப்பமாக இருக்கும்போது ஐசோட்ரெட்டினாயின் உள்ளே போனால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறை வரும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரை கர்ப்பம் ஆகக்கூடாது. கல்யாணம் நிச்சயமானதும் முகம் பளிச்சென்று ஆகவேண்டும் என்று மாத்திரை கேட்டு வருகிறவர்கள் நிறைய, தேதி நெருங்குகிறதென்றால் டாக்டரிடம் அந்தத் தேதியையே சொல்லிவிடுங்கள், கூச்சப்படுகிற விஷயம் இல்லை இது. ஆணோ பெண்ணோ, சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் ரத்ததானம் செய்யக்கூடாது.

சாப்பிடும் முறை

ஐசோட்ரெட்டினாயின் கொழுப்பில் கரைகிற மருந்து, வெறும் வயிற்றில் போட்டால் பாதிகூட உடம்பில் சேராது. காலையில் காபியோடு விழுங்கிவிட்டு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. இட்லிக்கு நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடி, மத்தியானச் சோற்றுக்கு நெய், முட்டை, தேங்காய்ப்பால் சொதி என்று எண்ணெய்ப் பசை உள்ள சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு அதற்கு அருமையான துணை, ஆனால் கேப்சூலைச் சாக்காக வைத்து தினமும் அல்வா சாப்பிட்டுவிட்டு ட்ரைகிளிசரைடு ஏன் ஏறியது என்று கேட்கக்கூடாது. பழைய சோறும் மோரும் மட்டும் என்றால் அந்த வேளை வேண்டாம், வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவு பொதுவாக உடம்பு எடையில் கிலோவுக்குத் தினம் 0.5 முதல் 1 மி.கி. வரை, மொத்தம் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. உள்ளே போகும்வரை கொடுப்பது வழக்கம். 50 கிலோ ஆளுக்கு மொத்தம் 6,000 மி.கி. என்று வைத்தால், தினம் 20 மி.கி. எடுக்கும்போது 300 நாள் ஆகிறது. டாக்டர்கள் சிலர் இன்னும் குறைந்த அளவிலும் கொடுப்பார்கள். ஆகவே ஒரு அட்டை வாங்கிச் சாப்பிட்டு, பத்து நாளில் பரு போகவில்லையே என்று இரண்டு இரண்டாக விழுங்குவது எதற்கும் உதவாது. தொடங்கிய முதல் வாரங்களில் பரு கூடுவதுகூட உண்டு. உதடு வறள்வது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், கண் வறட்சி, மூக்கில் லேசாக ரத்தம், தசைவலி சிலருக்கு. வைட்டமின் ஏ மாத்திரையும் டாக்ஸிசைக்ளின் வகை மருந்தும் இதோடு சேரவே கூடாது. டாக்ஸிசைக்ளினைச் சேர்த்து எடுத்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி தலைவலி, பார்வை மங்கல் வரும். மனசு காரணமில்லாமல் சோர்ந்துபோனால் அதையும் வீட்டில் சொல்லவேண்டும், டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

டாக்ஸிசைக்ளினுக்கு முறை வேறு. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாய்கிறவர்கள்தான் மறுநாள் "நெஞ்சுக்குள்ள குத்துது" என்று வருகிறார்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் ஆன்டாசிட்டையும் அதோடு சேர்க்காமல் சில மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வெயிலிலும் தோல் சீக்கிரம் கருகும், சித்திரை வெயிலில் கோயில் கொடைக்கு நாள் முழுக்க நிற்கிறவர்கள் தொப்பியோ துண்டோ போட்டுக்கொள்ளுங்கள். கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் போய் ஆறு நாள் விரதம் இருக்கிற வழக்கம் உள்ளவர்கள், அந்த நாட்களில் எந்தப் பரு மாத்திரையையும் எப்படி எடுப்பது, நிறுத்தி வைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பருவுக்கான மருந்து ஒரு வாரம் நின்றால் குடி முழுகிப்போகாது.

இன்னொரு சங்கிலி இருக்கிறது, கடையில் நிற்கிறவனுக்கு மட்டும் தெரியும். ஐசோட்ரெட்டினாயினால் இடுப்பும் மூட்டும் வலிக்கும், அதற்கு ஆள் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போடுவார், அது வயிற்றையும் குடலையும் அரிக்கும், குடல் அழற்சி ஏற்கெனவே இருப்பவருக்குக் கிளறியும் விடும், கடைசியில் பழி கேப்சூல்மேல் விழும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதையும் அளவோடு, தொடர்ந்து வலித்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம்

சீசனில் குற்றாலம் போய் குளித்துவிட்டு, ரோட்டோரம் கிடைத்ததைச் சாப்பிட்டு, மறுநாள் நாலு தடவை போவது கிருமிப் பேதி. உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கும், கூடப் போன கூட்டாளிக்கும் அதே கதையாக இருக்கும். கவனிக்கவேண்டியது வேறு மாதிரி இருக்கும்: இரண்டு மூன்று வாரமாக நிற்காத பேதி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிக் கக்கூஸுக்கு ஓடவைப்பது, போய்வந்த பிறகும் முழுக்கப் போகாத மாதிரி முக்கிக்கொண்டே இருப்பது, ரத்தம், சளி, விட்டு விட்டுக் காய்ச்சல், எடை இறங்குவது, கூடவே மூட்டு வீக்கமோ கண் சிவப்போ. இதில் ராத்திரி எழுப்புவதை நான் பெரிதாக எடுப்பேன், ஏனென்றால் மனக்கவலையால் வருகிற வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆளைத் தூங்கவிடும்.

ரத்தம் வந்தால் நம் ஊர்க்காரர் முதலில் சொல்வது "மூலம்". மூலத்துக்கு என்று விளம்பரப் பலகை வைத்திருக்கிறவரிடம் போய், காசைக் கொடுத்து, மாதங்களை விட்டுவிடுவார்கள். மூலத்திலும் வெடிப்பிலும் வருகிற ரத்தம் பொதுவாகப் பளிச்சென்று சிவப்பாக, மலத்தின்மேல் பட்டோ கடைசியில் சொட்டியோ வரும், மலம் இறுகியிருக்கும். ஐசோட்ரெட்டினாயின் உதட்டை வறளவைப்பதுபோல ஆசனவாயையும் வறளவைப்பதால் அப்படி ஒரு வெடிப்பு வருவதும் உண்டு, அது குடல் அழற்சி இல்லை. குடல் அழற்சியில் ரத்தம் இளகிய மலத்தோடு கலந்தும் சளியோடும் வரும். ஆனால் கண்ணால் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள், ரத்தம் எப்படி வந்தாலும் ஒரு டாக்டர் பார்க்கவேண்டும். தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது மேலே இரைப்பையிலிருந்து வருகிற ரத்தமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதைச் சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ரத்தம், விடாத வயிற்றுவலி, கடுமையான பேதி, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் ஐசோட்ரெட்டினாயினை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து உள்ள மருந்து இல்லை அது. பேதியை நிறுத்துகிற லோப்பரமைடை மட்டும் ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வாங்கிப் போடவேண்டாம், யாராவது வந்து கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

போன் காலண்டரில் நாளுக்கு எத்தனை தடவை, ரத்தம் உண்டா, ராத்திரி எழுந்தீர்களா, அன்றைக்கு என்ன மாத்திரை என்று நாலு வார்த்தை குறித்துவையுங்கள். கூடவே அம்மா உட்கார்ந்திருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் மலத்தைப் பற்றி வாயைத் திறக்கமாட்டான், போனை அப்படியே டாக்டரிடம் நீட்டிவிடலாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்றால், முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மலத்தில் கிருமியும் அமீபாவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு சோதனை உண்டு, குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும், கிருமித் தொற்றிலும் வலி மாத்திரையாலும்கூட ஏறும், அதனால் அது மட்டும் முடிவு சொல்லாது. முடிவு சொல்வது கொலோனோஸ்கோப்பியும் அதில் எடுக்கிற துளிச் சதையும்தான். முந்தின நாள் குடலைக் கழுவக் குடிக்கச் சொல்கிற மருந்துதான் கஷ்டம், சோதனை அவ்வளவு இல்லை. நம் நாட்டில் இன்னொன்று முக்கியம்: குடல் காசநோய் அப்படியே கிரோன் நோய் மாதிரி வேஷம் போடும். கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் கிளம்பிவிடும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். காசு யோசனை இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு பெரியாஸ்பத்திரியில் காலை ஓ.பி.க்குப் போங்கள், பழைய சீட்டு, மாத்திரை அட்டை, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு. அட்டை முக்கியம், பேர் மறந்தாலும் அட்டை சொல்லிவிடும்.

ஏற்கெனவே குடல் நோய் உள்ளவருக்குப் பரு வந்தால்

இவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் கூடவே கூடாது என்று இல்லை, நோய் அடங்கியிருக்கும்போது குடல் டாக்டரும் தோல் டாக்டரும் பேசி முடிவெடுத்துக் கொடுப்பதுண்டு. குடல் நோய்க்காக எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசத்தியோப்ரினோ மெத்தோட்ரெக்சேட்டோ சாப்பிடுகிறவராக இருந்தால் கல்லீரலுக்கு இரண்டு பக்கமும் சுமை, அதனால் ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். முதலில் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், அசிலாயிக் ஆசிட் என்று தடவுகிற மருந்துகளில் போய்ப் பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது, பெராக்சைடு தலையணை உறையை வெளுத்துவிடும் என்பதைத் தவிர வயிற்றுக்கு அவற்றால் தொல்லை இல்லை.

பலருக்குப் பரு வருவதே குடலுக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டால்தான். அது நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாகக் கிளம்பும், சாதாரணப் பருவில் இருக்கிற கரும்புள்ளி அதில் அவ்வளவாக இருக்காது. முகம் இப்படி ஆகிவிட்டதே என்று அந்த மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழுகிற அளவுக்குப் போகும், அதோடு குடலும் திரும்பக் கிளம்பும். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும், எவ்வளவு வேகத்தில் என்பதைக் கொடுத்தவர்தான் சொல்லவேண்டும். அளவு இறங்க இறங்க அந்தப் பருவும் பெரும்பாலும் தானே இறங்கும். அதுவரை கடையில் "முகத்துக்குப் போடுற க்ரீம்" என்று கிடைக்கிற பெட்டாமெத்தசோன் கலவையைத் தடவாதீர்கள், அதுவும் ஸ்டீராய்டுதான்.